அரேபியத் தூசும் ஆம்பூர்த் தூசும்

வேலூரிலிருந்து நேர் வடக்கே, ஆந்திர எல்லையைத் தாண்டி அறுபது கிலோமீட்டர் போனால் காடங்கி என்றொரு சிற்றூர் வரும். தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் அங்கேதான் இருக்கிறது. 1990களில், வளிமண்டலத்தை ஆராயும் எம்.எஸ்.டி. ரேடாருக்காக உருவான இந்த ஆய்வு மையத்தில், ஜப்பானிய ஒத்துழைப்புடன் 1998இல் லைடார் என்ற கருவியை நிறுவினார்கள். இரவு வானத்தை நோக்கிப் பச்சை நிற லேசர் துடிப்புகளை அனுப்பி, மேலே மிதக்கும் துகள்களில் பட்டுத் திரும்பும் சொற்ப ஒளியைப் பிடித்து, எந்த உயரத்தில் எவ்வளவு தூசு நிற்கிறது என்று அது கணக்குச் சொல்லும்.

தென்மேற்குப் பருவ மாதங்களில் அந்தக் கணக்கு விசித்திரமாக இருக்கிறது. தரையில் எழும் புழுதியும் அடுப்புப் புகையும் மேலே போகப் போகக் குறைய வேண்டும். ஆனால் இரண்டிலிருந்து நான்கு கிலோமீட்டர் உயரத்தில் துகள்கள் மறுபடி கூடி, தனிப் படலமாக நிற்கின்றன. மேற்கிலிருந்து பருவக்காற்று வீசும் உயரமும் அதுதான். அந்தப் படலம் முழுவதும் கீழே உள்ள ஊரின் சொத்தாக இருக்க முடியாது.

இதே வானத்தின் கீழேதான் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரையின் தோல் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. இவை தாமே தூசு உண்டாக்கும் ஊர்கள். அப்படியிருக்க, கடல் தாண்டி வரும் பாலைவனத் தூசைப் பற்றி இந்த ஊர்க்காரர் எதற்காகத் தெரிந்துகொள்ள வேண்டும்? வந்த தூசு எது, நம் தூசு எது என்று பிரித்துச் சொல்லத் தெரியாதவரை, உள்ளூர்க் காற்றின் கணக்கு யாருக்கு வேண்டுமானாலும் வசதியாக வளையும். தொலைதூரத் தூசின் அறிவியல் இங்கே அவசியமாவது அதனால்தான்.

பாலைவனத்தில் தூசு எழும்பும் விதமே சுவையானது. மிக நுண்ணிய துகளைக் காற்று நேரடியாகத் தூக்கிவிடுவதில்லை. பொடி மண் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தரையில் படிந்து கிடக்கும். அதைவிடப் பெரிய மணல் பரல்களைத்தான் காற்று முதலில் உருட்டும். அவை துள்ளித் துள்ளி விழுந்து தரையை இடிக்கும். அந்த இடியில்தான் நுண்தூசு விடுபட்டு மேலே கிளம்பும். ஆகவே மணல்மேடுகளைவிட, ஒரு காலத்தில் தண்ணீர் நின்று வற்றிப்போன ஏரிப் படுகைகளே அதிகத் தூசு தருகின்றன. சாடு நாட்டின் போடேலே பள்ளம், ஈரான் - ஆப்கானிஸ்தான் எல்லையின் சீஸ்தான் படுகை, டைகிரிஸ் - யூப்ரடிஸ் வண்டல் நிலம் எல்லாம் இந்த வகை. தண்ணீர் அரைத்துக் கொண்டுவந்து படிய வைத்த மாவு போன்ற மண், தண்ணீர் போன பிறகு காற்றின் வசமாகிவிடுகிறது.

கிளம்பியது எவ்வளவு தூரம் போகும் என்பதை அளவு தீர்மானிக்கிறது. ஒரு சின்னக் கணக்கு இதை விளக்கிவிடும். பத்து மைக்ரான் விட்டமுள்ள ஒரு கனிமத் துகள் — தலைமுடியின் தடிமனில் ஏழில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம் — அசையாத காற்றில் நொடிக்குச் சுமார் எட்டு மில்லிமீட்டர் வேகத்தில் கீழிறங்கும். நான்கு கிலோமீட்டர் உயரத்திலிருந்து தரை சேர ஏறத்தாழ ஆறு நாள் ஆகும். காற்று நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் வீசினால், அந்த ஆறு நாளில் துகள் ஐயாயிரம் கிலோமீட்டர் போய்விடும். இரண்டு மைக்ரான் துகளோ, மழை வந்து கழுவாத பட்சத்தில், மாதக்கணக்கில் மிதக்கும். நூறு மைக்ரான் மணல் பரல் இரண்டு, மூன்று மணி நேரத்தில் விழுந்துவிடும்.

தமிழ்நாட்டுக்குள்ளேயே இதற்குச் சாட்சி உண்டு. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துச் சிவந்த தேரிக் காடுகள் காற்று குவித்த மணல்தான். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் பலத்த தென்மேற்குக் காற்று அதைக் கொண்டு சேர்த்தது. மணல் என்பதால் அது கடல் தாண்டவில்லை, கரையிலேயே மேடாகிப்போனது.

இந்தக் கணக்கையும் மீறிய துகள்கள் உண்டு என்பது இன்னும் சுவாரசியம். அட்லாண்டிக் கடலில், மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து 2,400 கிலோமீட்டரிலும் 3,500 கிலோமீட்டரிலும் மிதவைகள் நிறுத்தித் தூசு சேகரித்த ஆய்வாளர்கள், 450 மைக்ரான் வரை பெரிய சஹாராப் பரல்களைக் கண்டதாக 2018இல் எழுதினார்கள். பலத்த காற்று, கொந்தளிப்பு, இடிமேகங்களுக்குள் மறுபடி மறுபடி மேலே தூக்கப்படுவது, துகள்களில் ஏறும் மின்னூட்டம் என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன. எதுவும் முடிந்த முடிவாகவில்லை.

அட்லாண்டிக் கதைதான் இந்தத் துறையின் பழைய கதை. 1832 ஜனவரியில் பீகிள் கப்பல் கேப் வெர்ட் தீவுகளை அடைந்தபோது, இளைஞர் சார்ல்ஸ் டார்வின் காற்றில் வந்த பழுப்புத் தூசைச் சேகரித்தார். அவர் அனுப்பிய சின்னப் பொட்டலங்களை ஜெர்மன் நுண்ணுயிர் அறிஞர் எரன்பெர்க் ஆராய்ந்து, அறுபத்தேழு வகை நுண்ணுயிர் வடிவங்களை அடையாளம் கண்டார். 1846இல் டார்வின் இதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். மியாமி பல்கலைக்கழகத்தின் ஜோசப் பிராஸ்பெரோ 1965இல் பார்படோஸ் தீவில் தொடங்கிய தூசு அளவீடு தலைமுறைகளைத் தாண்டியது. 1970களிலும் 80களிலும் ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதியில் வறட்சி தாக்கியபோதெல்லாம், கடலின் மறுபக்கம் பார்படோஸ் வடிகட்டித் தாள்களில் சிவப்பு கூடியது. ஒரு கண்டத்தின் பஞ்சம் இன்னொரு கரையின் தாளில் பதிவானது.

பார்படோஸ் பவளப் பாறைத் தீவு. சுண்ணாம்புக் கல் கரைந்தால் களிமண் கிடைக்காது. ஆனாலும் அந்தத் தீவில் பயிர் விளையும் செம்மண் இருக்கிறது. அந்த மண்ணின் வேதியியலைப் படித்த புவியியலாளர்கள், அதில் பெரும்பங்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தூசு, இன்னொரு பங்கு பக்கத்து செயின்ட் வின்சென்ட் தீவின் எரிமலைச் சாம்பல் என்று நிறுவியிருக்கிறார்கள். அமேசான் காட்டுக்கும் இதில் பங்குண்டு. காலிப்சோ செயற்கைக்கோளின் 2007 முதல் 2013 வரையிலான தரவை வைத்துப் போட்ட கணக்கு: ஆண்டுக்குச் சராசரியாக 18.2 கோடி டன் தூசு ஆப்பிரிக்காவை விட்டுக் கிளம்புகிறது, அதில் 2.77 கோடி டன் அமேசான் படுகையில் விழுகிறது; அதனுடன் சேர்ந்து சுமார் 22,000 டன் பாஸ்பரஸ் காட்டுக்குக் கிடைக்கிறது. மழை அடித்துச் செல்லும் உரத்தை ஏறக்குறைய ஈடுகட்டும் அளவு அது.

அரபிக்கடலில் காற்றின் அமைப்பு வேறு. அதனால் கதையும் வேறு.

கோடையில் ஈராக், குவைத் பக்கமிருந்து ஷமால் என்ற வடமேற்குக் காற்று வீசும். சீஸ்தானில் நான்கு மாதம் விடாமல் வீசும் காற்றை அங்குள்ளவர்கள் 120 நாள் காற்று என்றே அழைப்பார்கள். இவை தூசைக் கடல் மேல் தள்ளும்போது, கீழே கடலை ஒட்டி வேறொரு காற்று ஓடிக்கொண்டிருக்கிறது. சோமாலியக் கரையோரம் திரும்பி இந்தியாவை நோக்கிப் பாயும் தென்மேற்குப் பருவக்காற்றின் தாழ்நிலை ஓட்டம் அது. பிரிட்டிஷ் வானிலையாளர் ஃபிண்ட்லேட்டர் 1969இல் விளக்கியதால் அவர் பெயரால் குறிப்பிடப்படுகிறது. ஈரமும் குளிர்ச்சியுமான அந்த ஓட்டத்தின் முதுகில், வறண்டு வெப்பமான தூசுக்காற்று ஏறிக்கொள்கிறது. கீழே உப்பு நீர்த்துளி, மேலே பாலைவன மண் என்று இரண்டு அடுக்காகக் கடல் கடக்கிறது. அதனால்தான் தரையில் நின்று மட்டும் அளந்தால் இந்தத் தூசின் பெரும்பகுதி தப்பிவிடுகிறது. காடங்கி லைடார் போன்ற கருவிதான் வேண்டும்.

சில சமயம் தூசு ஒளிந்து வருவதில்லை. 2012 மார்ச் மூன்றாம் வாரத்தில் அரேபியத் தீபகற்பத்தில் எழுந்த மாபெரும் புழுதிப்புயல் அரபிக்கடலை மூடிக்கொண்டு நகர்ந்ததைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. குஜராத், மகாராஷ்டிர நகரங்களில் வானம் மங்கியது. 2022 ஜனவரி 23 அன்று மும்பையில் கார்களின் மேல் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. கராச்சிப் பக்கம் எழுந்த புழுதி கடல்வழியே வந்து இறங்கியதன் விளைவு அது.

தமிழர்களின் அண்டைத் தீவுகளான லட்சத்தீவும் மாலத்தீவும் இந்தப் பாதையில் இருக்கின்றன. லட்சத்தீவுக் கூட்டத்தின் தென்கோடியான மினிக்காய், ஓமன் கரையிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. பெரிய தொழிற்சாலை கிடையாது, நெடுஞ்சாலை கிடையாது. சுற்றிலும் கடல். எங்கிருந்தோ வந்ததை அளக்க இதைவிடப் பொருத்தமான இடம் அமைவது கடினம். திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வகம் அங்கே காற்றுத் துகள் அளவீட்டு நிலையம் வைத்திருக்கிறது. மினிக்காய் தரவையும் மாலத்தீவின் காஷிதூ தரவையும் கொண்டு, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. சதீஷும் ஜே. ஸ்ரீனிவாசனும் 2002இல் ஒரு நேரடியான கேள்வியை எழுப்பினார்கள்: பருவமழைக்கு முந்தைய மாதங்களில் அரபிக்கடல் மேல் துகள்கள் கூடுகின்றனவே, அது இயற்கையின் வேலையா, மனிதனின் வேலையா? ஏப்ரல், மே மாதங்களில் இயற்கைத் துகள்களின் கை ஓங்கியிருக்கிறது என்பது அவர்கள் கண்ட விடை. அரேபியத் தூசும், வலுக்கும் காற்று கடலிலிருந்து கிளப்பும் உப்பும் அதற்குக் காரணம்.

இந்தத் தூசு மழையோடும் உறவாடுகிறது. புவனேஸ்வரம் ஐ.ஐ.டி.யில் பணியாற்றும் வி. வினோஜும் சக ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, அரபிக்கடல் மேலும் மேற்காசியாவிலும் தூசு கூடிய பிறகு, ஒரு வாரத்துக்குள் மத்திய இந்தியாவில் மழை கூடுகிறது. தூசு வெயிலை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலெழ, கடலிலிருந்து ஈரக்காற்று கூடுதலாக உள்ளே இழுக்கப்படுகிறது. கடலுக்கும் தூசால் ஆதாயம் உண்டு. கோவா தேசியக் கடலியல் நிறுவன ஆய்வாளர்கள், குளிர்காலத்தில் தூசுப்புயலுக்குப் பின் அரபிக்கடலில் நுண்பாசிகள் செழிப்பதைச் செயற்கைக்கோள் படங்களில் பின்தொடர்ந்து, தூசு கொண்டுவரும் இரும்புச் சத்தோடு அதை இணைத்திருக்கிறார்கள்.

ஆனால் செந்நிறமாக விழுவதெல்லாம் அரேபிய மண் அல்ல. 2001 ஜூலை 25 முதல் கேரளத்தின் கோட்டயம், இடுக்கி மாவட்டங்களில் சிவப்பு மழை பெய்தது. விண்கல் வெடித்த பொடி என்று முதலில் ஊகித்தார்கள். கடல் தாண்டி வந்த பாலைவனத் தூசாக இருக்கலாம் என்றும் பேசப்பட்டது. திருவனந்தபுரத்தின் புவி அறிவியல் ஆய்வு மையமும் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவும் சேர்ந்து நீரை ஆராய்ந்தபோது கிடைத்தது உள்ளூர் மரங்களில் படரும் லைக்கன் வகைப் பாசியின் வித்துகள். நுண்ணோக்கியில் பார்த்தார்கள், வித்தை வளர்த்தும் பார்த்தார்கள். தொலைவிலிருந்து வந்ததென்ற கதை எப்போதும் கவர்ச்சியானது. உண்மை சில சமயம் அடுத்த வீட்டு மரத்தில் இருக்கும். தோல் ஊர்களுக்கு இந்த எச்சரிக்கை மிகவும் பொருந்தும்.

காற்றுக்கு இங்கே இரண்டு திசைகள். இதைத்தான் அட்லாண்டிக் கதையை மட்டும் படித்தவர்கள் மறந்துவிடுகிறார்கள். பார்படோஸ் தூசைப் பெறுமே தவிர ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பாது. நம் கடலில் ஆண்டுக்கு இருமுறை காற்று திரும்புகிறது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று துணைக்கண்டத்தைத் துடைத்துக்கொண்டு கடலுக்குப் போகிறது. அப்போது அதில் ஏறிப் போவது நம் புகை.

1999 ஜனவரி முதல் மார்ச் வரை நடந்த இந்தியப் பெருங்கடல் ஆய்வு இதை உலகுக்குக் காட்டியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வி. ராமநாதனும், ஓசோன் ஆய்வுக்காக நோபல் பெற்ற பால் குரூட்சனும் தலைமை தாங்கிய இந்த ஆய்வில் கப்பல்களும் விமானங்களும் ஈடுபட்டன. காஷிதூவில் தரை நிலையம் இயங்கியது. கடல் மேல் மூன்று கிலோமீட்டர் உயரம் வரை பழுப்பு மூட்டம் நின்றது. அந்தத் துகள் சுமையில் 80 சதவீதம் வரை மனிதச் செயலால் உண்டானது என்று 2001இல் அறிவித்தார்கள். புகை கக்கும் தொழிற்சாலை ஏதும் இல்லாத பவளத் தீவின் தலைக்கு மேல், அடுப்பு விறகும் டீசலும் நிலக்கரியும் எரிந்த எச்சம். இந்த ஆய்வு நடப்பதற்குச் சற்று முன்பே, 1998இல், எல்லை தாண்டும் காற்று மாசு பற்றிய மாலே பிரகடனத்தை எட்டு நாடுகள் ஏற்றிருந்தன. இந்தியாவும் இலங்கையும் மாலத்தீவும் அதில் உண்டு. தூசுப் படுகைகள் நிறைந்த ஈரானும் உண்டு.

ஜனவரியில் வேலூர் மேல் வீசும் வாடைக்காற்றின் போக்கைப் படத்தில் நீட்டிப் பார்த்தால் அது கேரளத்தைக் கடந்து லட்சத்தீவு, மாலத்தீவுப் பக்கம் போய்ச் சேருகிறது. ஆக, பாலாற்றுப் பள்ளத்தாக்கு ஜூனில் தூசு பெறும் இடம். ஜனவரியில் அனுப்பும் இடம். எதை அனுப்புகிறது என்று கேட்க வேண்டும்.

தோல் தொழிலின் தூசை நெருங்கிப் பார்க்கலாம். கசாப்புக் கூடத்திலிருந்து வரும் பச்சைத் தோல் அழுகாமலிருக்க, அதன் எடையில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் உப்பைத் தடவி அடுக்குவார்கள். டேனரிக்கு வந்ததும் முதல் வேலை அந்த உப்பை உதறுவது. தொழிலாளி தோலைப் பிடித்து மேடைமேல் ஓங்கி அடிக்க, ரத்தக் கறையும் மயிரும் கலந்த அழுக்கு உப்பு சிதறும். பிறகு ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு மயிர் நீக்கி, டிரம்மில் குரோமியம் சல்பேட் சேர்த்துச் சுற்றினால் நீலம் பாய்ந்த 'வெட் ப்ளூ' தோல் கிடைக்கும். அதைச் சீவி, சாயமேற்றி, காயவைத்தபின் வருவது பஃபிங். உப்புத்தாள் சுற்றிய உருளை வேகமாகச் சுழல, தோலின் முகப்பை அதில் கொடுத்து எடுப்பார்கள். பஞ்சு போல் கிளம்பும் தூசு இயந்திரத்தின் இண்டு இடுக்கிலும் ஜன்னல் கம்பியிலும் தொழிலாளியின் புருவத்திலும் படியும். உறிஞ்சு குழாயும் தூசுப் பையும் சரியாக வேலை செய்யும் ஆலையில் இது குறைவு. அது இல்லாத சிறு பட்டறையில், மூக்கைச் சுற்றிக் கட்டிய துண்டுதான் காவல்.

அந்தப் பஃபிங் தூசின் எடையில் இரண்டு, மூன்று சதவீதம் குரோமியம் இருக்கும். பூமியின் மேலோட்டில் சராசரி குரோமியம் பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவில்தான். அதாவது சாதாரண மண்ணைவிட இருநூறு மடங்குக்கும் மேல். தோலில் உள்ளது மூவிணைதிறன் குரோமியம், நச்சு குறைந்தது. ஆனால் தோல் கழிவைத் திறந்த வெளியில் கொளுத்தினால் அதில் ஒரு பகுதி, புற்றுநோய் தரும் ஆறிணைதிறன் குரோமியமாக மாறக்கூடும். சென்னை அடையாற்றின் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948 முதல் இந்தத் தொழிலோடு வளர்ந்த நிறுவனம்; தோல் கழிவைக் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தி எரிக்கும் முறைகளை அதன் ஆய்வாளர்கள் சோதித்ததற்கு இதுவே காரணம். முறை ஆய்வகத்தில் இருக்க, ஊர் ஓரத்தில் கழிவுக் குவியல் எரிவதை ஏற்கவே முடியாது.

ராணிப்பேட்டையின் கதை இன்னும் கனமானது. அங்கே குரோமேட் தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேலான குரோமியக் கழிவு மலைபோல் அங்கேயே கிடந்தது. இது ஆறிணைதிறன் வகை. மழையில் மஞ்சளாகக் கரைந்து நிலத்தடி நீரில் இறங்கியது. அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006இல் வெளியிட்ட, உலகின் மிக மாசடைந்த இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது.

இந்த வட்டாரத்தின் சட்டப் போராட்டம் தண்ணீருக்காக நடந்தது. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும், ஆபத்துக்கு முன்பே தடுக்க வேண்டும் என்ற கொள்கைகளை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதை அந்தத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து பத்துத் தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்று மாசையும் இழப்பீட்டையும் பற்றி உத்தரவிட்டது. ஆறும் கிணறும் கண்ணுக்குத் தெரிந்தவை. நியாயமாகவே அவற்றுக்காக மக்கள் நின்றார்கள். காற்று அந்த அளவுக்கு விசாரிக்கப்படவில்லை. வற்றிய பாலாற்றுப் படுகையிலும் கழிவுநீர் பாய்ந்து காய்ந்த வயல்களிலும் படிந்தது மீண்டும் காற்றேறும் என்பதை, வற்றிய ஏரிகளே தூசின் ஊற்று என்ற பாலைவனப் பாடம் நமக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

சரி, ஆம்பூரில் ஒரு வடிகட்டித் தாளில் ஜூன் மாதத் தூசைப் பிடித்தால், அரேபியாவின் பங்கை எப்படிப் பிரிப்பது? வழக்கமான விதிகள் இங்கே காலை வாரும்.

அரேபிய, ஈராக்கியத் தூசில் சுண்ணாம்புச் சத்து அதிகம். ஆகவே அலுமினியத்தோடு ஒப்பிடக் கால்சியம் கூடியிருந்தால் மேற்காசியத் தூசு என்று ஊகிப்பது வழக்கம். தோல் ஊரில் அது செல்லாது. டேனரிகளில் டன் கணக்கில் சுண்ணாம்பு புழங்குகிறது. காய்ந்த சுண்ணாம்புச் சேறு பொடியாகிப் பறக்கிறது. கட்டுமான சிமென்ட்டும் சேர்கிறது. கால்சியத்தை மட்டும் நம்பினால் உள்ளூர்ச் சுண்ணாம்பு அரேபியக் கணக்கில் போய் விழும்.

உப்பும் அப்படியே. சோடியமும் குளோரைடும் இருந்தால் கடற்காற்று வந்ததாக எழுதிவிடுவார்கள். கடலிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஆம்பூரில், தோலிலிருந்து உதறிய உப்புக் குவியல் மீது காற்றடித்தாலும் தாளில் அதே சோடியம்தான் படியும். இங்கே மக்னீசியம் உதவும். கடல்நீரில் சோடியத்தின் எடையில் சுமார் எட்டில் ஒரு பங்கு மக்னீசியம் உண்டு. உப்பளத்தில் உப்பு விளையும்போது மக்னீசியத்தின் பெரும்பகுதி கசப்பு நீரோடு வடிந்துவிடும். தோலுக்குப் போடும் உப்பில் அது சொற்பம். தாளில் உள்ள சோடியத்துக்கு ஏற்ற மக்னீசியம் இல்லையென்றால், அந்த உப்பு அரபிக்கடலிலிருந்து வரவில்லை. தோல் கிடங்கிலிருந்து வந்தது.

குரோமியம் நேரடிச் சாட்சி. அலுமினியத்தோடு ஒப்பிடக் குரோமியத்தின் விகிதம் மண்ணில் இருப்பதைவிடப் பல மடங்கு கூடினால், எந்தப் பாலைவனத்தையும் குற்றம் சொல்ல முடியாது. இதிலும் ஒரு கவனம் தேவை: இந்த வட்டாரப் பாறைகளிலேயே இயற்கையாகக் குரோமியம் சற்றுக் கூடியிருக்கும் இடங்கள் இருக்கலாம். உலகச் சராசரியோடு ஒப்பிடாமல், டேனரிகளின் நிழல்படாத உள்ளூர் மண்ணை எடுத்து அதோடு ஒப்பிட வேண்டும். ஸ்ட்ரான்சியம், நியோடிமியம் ஐசோடோப்புகள் வரை போனால் அரேபிய மண்ணையும் தக்காண மண்ணையும் பிரிக்க முடியும், செலவு கூடும்.

வேதியியலுக்குத் துணையாக நாள்காட்டியும் இருக்கிறது. கடல் தாண்டிய தூசு ஒரு ஊருக்கு மட்டும் வராது. காடங்கியிலும், சென்னைக்கு அருகே ஏறக்குறைய ஆம்பூரின் அட்சரேகையில் உள்ள காட்டாங்கொளத்தூரிலும், ஆம்பூரிலும் ஒரே நாளில் அளவு ஏறினால் காரணம் தொலைவில். ஆம்பூரில் மட்டும் ஏறி, ஆலைகள் மூடும் வார விடுமுறையில் இறங்கினால் காரணம் தெருக்கோடியில். ஜவ்வாது மலையில் ஆம்பூரிலிருந்து நேர்க்கோட்டில் 25 கிலோமீட்டர் அளவில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. யுரேனஸ் கோளின் வளையங்களை 1977இல் கவனித்த இடங்களில் ஒன்று. நட்சத்திரம் அடிவானை நெருங்க நெருங்க எவ்வளவு மங்குகிறது என்று வானியலாளர்கள் ஒளியளவீட்டின் பகுதியாகவே அளப்பார்கள். வானம் தெளிந்த இரவுகளின் அந்த அளவுகள், பள்ளத்தாக்கின் மேலுள்ள காற்று எவ்வளவு கலங்கியிருந்தது என்பதற்கும் பதிவு.

இந்தப் பிரிவினை எதற்காக? இந்தியத் தரநிலைப்படி, பத்து மைக்ரானுக்குட்பட்ட துகள் கனமீட்டருக்கு 24 மணி நேரச் சராசரியில் 100 மைக்ரோகிராமும் ஆண்டுச் சராசரியில் 60 மைக்ரோகிராமும் தாண்டக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சஹாராத் தூசின் பங்கை நிரூபித்தால், வரம்பு மீறலிலிருந்து அதைக் கழித்துக்கொள்ளலாம். அறிவியல்படி அது நியாயமே. ஸ்பெயின் நகர நிர்வாகம் மொராக்கோ புழுதியை நிறுத்த முடியாது. ஆனால் அங்கே கழிப்பதற்கு முன் நிரூபிக்க வேண்டும். வெளியூர்த் தூசு என்ற வாதம் தோல் ஊர்களில் எழும் நாளில், கால்சியத்தையும் சோடியத்தையும் மட்டும் காட்டி யாரும் தப்பிவிடக் கூடாது. மொத்த எடை போதாது. அந்த எடைக்குள் குரோமியம் எவ்வளவு, அது எந்த வகை என்பதும் வேண்டும். பஃபிங் அறையில் நிற்பவரின் நுரையீரலுக்கு மொத்த எடையைவிட அந்த விவரம்தான் முக்கியம்.

இதற்கான ஆட்களும் கருவிகளும் வெகுதொலைவில் இல்லை. வானத்தை அளக்கக் காடங்கி. தோலின் வேதியியலுக்கு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். நுரையீரலைப் படிக்க வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி. மறுமுனையில் மினிக்காய் நிலையம். ஜூன், ஜூலையில் ஆம்பூர், ராணிப்பேட்டை, காடங்கி மூன்றிலும் ஒரே நாள்களில் தாள் வைத்து, ஜனவரியில் மினிக்காயையும் சேர்த்துக்கொண்டு, எல்லாத் தாள்களிலும் அலுமினியம், கால்சியம், சோடியம், மக்னீசியம், குரோமியம் ஐந்தையும் அளந்தால், பாலாற்றுப் பள்ளத்தாக்கு எவ்வளவு பெறுகிறது, எவ்வளவு தருகிறது என்ற இரு பக்கக் கணக்கும் கிடைக்கும்.